மனத்தில் தோன்றும் கடவுச்சொல் வேண்டாம்: தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

2009ஆம் ஆண்டு ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடுபோயின. எந்த மறைப்பும் இல்லாமல் அவை சேமிக்கப்பட்டிருந்ததால், மக்கள் உண்மையில் எதையெல்லாம் கடவுச்சொல்லாக வைக்கிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்துபோயிற்று. மிகுதியாக இருந்தது 123456. கடவுச்சொல் உடைப்பவர்கள் அந்தப் பட்டியலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதலெழுத்தைப் பெரியதாக்குவது, கடைசியில் 1 சேர்ப்பது, ஓர் எழுத்துக்குப் பதிலாக அதைப் போன்ற குறியீட்டை இடுவது ஆகிய எல்லா உத்திகளும் அவர்களுக்கு அத்துபடி. நம் மனத்தில் எளிதாகத் தோன்றுவது பிறர் மனத்திலும் தோன்றும் என்பதால், தேர்ந்தெடுக்கும் வேலையை மனத்திடமிருந்து எடுத்துத் தற்செயலிடம் ஒப்படைப்பதே இங்கே நான் விளக்கப்போகும் முறை.

முதல் படி: உங்களிடம் உள்ள இணையக் கணக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலின் தலையில் மின்னஞ்சல் இருக்கட்டும். மற்ற எந்தக் கணக்கிலும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்பதை அழுத்தினால் மாற்றுவதற்கான இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருவதால், அதைக் கைப்பற்றியவருக்கு ஏனைய கதவுகளும் திறந்துவிடும். எனக்கு நெருங்கிய ஒருவர், மறந்தே போயிருந்த ஒரு பழைய தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார். அந்தத் தளத்தில் கசிந்தது. ஒரே இரவில் மின்னஞ்சல் கைமாறியது. கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இரண்டு இடங்களில் இருந்தால் அது பலவீனமானது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் படியில், மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டிவைக்கப்போகும் ஒரு தாய்க்கடவுச்சொல்லை உருவாக்க வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் அறிமுகப்படுத்திய டைஸ்வேர் முறை இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டுங்கள். 4, 1, 6, 2, 3 என விழுந்தால், இணையத்தில் கிடைக்கும் 7776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலில் 41623 என்ற எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். இவ்வாறு ஆறு சொற்களைச் சேருங்கள். விழுந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டக் கூடாது. உருட்டினால் மனம் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொற்கள் நினைவில் நிற்காதவர்கள், தடித்த தமிழ் அகராதி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு முறை திறந்து, விரல் பட்ட சொற்களை எடுத்துக்கொள்ளலாம். பகடையளவுக்கு இது துல்லியமான தற்செயல் இல்லையென்றாலும், சொந்தமாக யோசிப்பதைவிடப் பல மடங்கு மேல். அவற்றை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யும்போது, ‘முகடு’ போன்ற சொல்லைப் பல விதமாக எழுத முடியுமாதலால், முதல் நாளிலேயே ஓர் எழுத்துக்கூட்டலை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்கலாம். சிறிய ஆங்கில எழுத்துகள் எட்டை மட்டும் கொண்டு 20,882 கோடிக் கடவுச்சொற்களை அமைக்கலாம். நொடிக்கு 100 கோடி முயற்சிகள் செய்யும் கணினி அத்தனையையும் மூன்றரை நிமிடத்தில் சோதித்து முடித்துவிடும். எழுத்துகள் பன்னிரண்டானால் அதே கணினிக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். பகடையால் எடுத்த ஆறு சொற்களுக்கோ சுமார் 70 லட்சம் ஆண்டுகள்!

மூன்றாம் படி: பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற ஒரு பாஸ்வேர்டு மேனேஜரை நிறுவி, அந்த ஆறு சொற்களையும் அதற்குப் பூட்டாக வையுங்கள். இது மற்ற கடவுச்சொற்களைத் தானே உருவாக்கி, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைத்துக்கொள்ளும். இதன் இன்னொரு பயனைப் பலர் கவனிப்பதில்லை: தள முகவரியைச் சரிபார்த்தே தானாக நிரப்புவதால், ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் அது நிரப்பாமல் நின்றுவிடும். வழக்கமாக நிரம்பும் பெட்டி ஒரு நாள் காலியாகவே நின்றால், கையால் தட்டச்சு செய்யாமல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, முதல் தாளில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு கணக்குக்கும் இருபது எழுத்துகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை மேனேஜரிடமிருந்து பெற்று மாற்றுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலும் பணம் சார்ந்த கணக்குகளும் முதலில் முடிந்தால் போதும். சில தளங்கள் நீண்ட கடவுச்சொல்லைச் சொல்லாமலே வெட்டிவிடும் என்பதால், மாற்றிய உடனே வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்கள். தாயின் பெயர், முதல் பள்ளி போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான விடை தராமல், தொடர்பற்ற ஒரு சொல்லைக் கொடுத்து அதையும் மேனேஜரில் குறித்து வையுங்கள்.

பிறகு முக்கியக் கணக்குகளில், கடவுச்சொல்லோடு குறுஞ்செய்தியிலோ செயலியிலோ கிடைக்கும் ஓர் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கைப்பேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிவிடும் மோசடி இருப்பதால், குறுஞ்செய்தியைவிட, 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் தரும் செயலியே நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள். கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக, தாய்க்கடவுச்சொல்லையும் கைப்பேசி இல்லாதபோது உள்நுழைய இருபடிச் சரிபார்ப்பு தரும் மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலோ நினைவு தவறினாலோ கைகொடுக்கப்போவது அந்த உறைதான்; அது இருக்கும் இடத்தை உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.