ஈறில் ரத்தம் வருகிறதா? பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள்

பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் ரத்தம் கலந்து வந்தால், பலரும் மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். பெரும்பாலும் ஈறோரம் படிந்த கிருமிப் படலத்தால் ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் கசிகிறது. தேய்க்காமல் விட்டால் சில நாட்களிலேயே அந்தப் படலம் இறுகிக் காரையாகிவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது. மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் நிதானமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரமாகியும் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது என்பதால், அவர்கள் இந்த அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். முற்றிய ஈறின் அழற்சி இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் சர்க்கரையை மேலும் ஏற்றும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணையும் காலையும் தவறாமல் காட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள், வாயைக் காட்ட வேண்டும் என்று நினைப்பதே இல்லை. அவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதும் இல்லை.

இறுகிய காரையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுப்பதுதான் ஸ்கேலிங். 'ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்' என்ற பயம் வேறு. காரை அடைத்திருந்த இடம் வெளியே தெரிவதால் இடைவெளி விழுந்ததுபோல் தோன்றுகிறது. பல்லை ஆட வைப்பது எலும்பை அரிக்கும் ஈறு நோய்தான்.

அதேபோல, மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சொத்தைப் பல்லை வலி மாத்திரையால் அடக்கி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வலி நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. பல்லின் உள்நரம்பு செத்துப்போயிருக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி மூச்சுப் பாதையை நெரித்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கச் சிரமமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் பல் பிடுங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் தங்கிவிடக்கூடும் என்பதால், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆறு வயதையொட்டி, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. 'விழுந்து முளைக்கும் பல்தானே' என்று அதைச் சொத்தையாக விட்டுவிடாதீர்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கு உடம்பைத் துடைத்துவிடுகிறோம், வாயை மறந்துவிடுகிறோம். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரலாம். இரவில் பல் செட்டைக் கழற்றிக் கழுவி வையுங்கள். தலையைச் சற்று உயர்த்தி, ஈரமான மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு மூன்றையும் தினமும் இரண்டு வேளை துடைத்துவிடுங்கள்.