லினக்ஸில் விண்டோஸ் கேம் திக்குகிறதா?

சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுத் தம்பி, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு, "அண்ணே, கேம் எல்லாம் திக்குது" என்று வந்தான். கேம் ஓடும்போதே திரையில் விவரம் காட்டும் மேங்கோஹட் என்ற கருவியில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பெயரைக் காட்ட வைத்தேன். திரை மூலையில் 19 எஃப்பிஎஸ் (நொடிக்கு 19 படங்கள்), ஓடுவது இன்டெல் சிப். காசு கொடுத்து வாங்கிய என்விடியா கார்டு சும்மா தூங்குகிறது! என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவி, கேமை அந்தக் கார்டுக்கு மாற்றியதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

சில கேம்கள் மட்டும் திறக்கவே இல்லை. அவை விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் என்ற வடிவமைப்பில் உள்ள டிரைவில் இருந்தன. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் (கேம் கடைச் செயலி) தரும் புரோட்டானுக்கு அது சரிப்படாது. கேம்களை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவமைப்பில் உள்ள பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கேம் திறக்கும் முன் ஸ்டீம் வல்கன் ஷேடர்களை (ஜிபியு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) தயார் செய்யும்போது அவசரப்பட்டு ஸ்கிப் அழுத்தாதீர்கள். கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.