இரவுப் பணி முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காதீர்கள்

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் நேரம் ஆபத்தானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரைப் போலக் கவனம் மந்தமாகிவிடும். கிளம்பும் முன் ஒரு காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் நீங்கள் எழவும் சரியாக இருக்கும். வீட்டில் போய்த் தூக்கம் வராதே என்பவர்கள் காபியை விட்டுவிடலாம், குட்டித் தூக்கத்தை விட வேண்டாம். எழுந்ததும் முகம் கழுவி, கலக்கம் தெளியும்வரை கொஞ்சம் நடமாடுங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சும்மா. கண் செருகினாலோ, கடந்து வந்த திருப்பமே நினைவில் இல்லையென்றாலோ ஓரமாக நிறுத்திவிடுங்கள். இருசக்கர வண்டி என்றால் அன்றைக்குப் பேருந்தே மேல்.