தட்பவெப்ப வரைபடம் போட்டு ஓர் ஊரின் இயற்கைக் காட்டை அறிவது எப்படி?

ஊரின் மாதவாரி வெப்பம், மழை இரண்டுக்கும் 30 ஆண்டுச் சராசரியை எடுங்கள். ஒரே ஆண்டின் கணக்கு ஏமாற்றும். ஒரு புயல் போதும், படமே மாறிவிடும்.

வரைதாளின் அடியில் 12 மாதங்கள், இடப்பக்கம் வெப்பம், வலப்பக்கம் மழை. 10 டிகிரி செல்சியஸும் 20 மி.மீ. மழையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்; இந்த விகிதம் தவறினால் படத்துக்குப் பொருளே இல்லை. மழை 100 மி.மீ. தாண்டினால் அதற்கு மேல் அளவைப் பத்தில் ஒன்றாகச் சுருக்குங்கள்.

இரண்டு கோடுகளையும் வரையுங்கள். மழைக்கோடு வெப்பக்கோட்டுக்குக் கீழே போகும் மாதங்கள் வறட்சி: 30 டிகிரி மாதத்துக்கு 60 மி.மீ. கிடைக்காவிட்டால் செடிக்குத் தாகம்தான். பலரும் இங்கே பகல் உச்ச வெப்பத்தைக் குறித்துவிடுகிறார்கள். மாதச் சராசரிதான் வேண்டும், இல்லையேல் ஈரமான மாதமும் வறட்சியாகத் தெரியும்.

சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். ஜனவரி முதல் மே வரை வறட்சி. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இந்தக் கடலோரத்தின் இயற்கைக் காடு உலர் பசுமைமாறாக் காடு: உலக்கைப்பாலை போன்ற, இந்த வறட்சியைத் தாங்கும் தடித்த சிறிய இலைகள் கொண்ட குட்டை மரங்கள்.

மண்ணையும் பாருங்கள். அதே மழையில் மணல் சீக்கிரம் காயும், களிமண் ஈரம் காக்கும்.