அம்மாவை எங்கே சேர்ப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரியில் பராமரிப்பு இல்லம் தேடி வருவோருக்கு

பராமரிப்பு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து, பத்தரைக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்திருக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்திருப்பார், மேனேஜர் சிரித்த முகத்தோடு வரவேற்பார். சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பகல் ஷிஃப்ட் கிளம்பி இரவு ஷிஃப்ட் வந்து சேரும் நேரம் அது. ராத்திரிச் சாப்பாடு ஊட்டவும், டயப்பர் மாற்றவும், மாத்திரை கொடுக்கவும் வேண்டிய நேரமும் அதுதான். ஆள் போதவில்லை என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் எதையும் மறைக்க முடியாது.

எங்கள் பக்கம் பெரும்பாலும் நடப்பது இதுதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிடும், அல்லது அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிடும். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கு ஓடுவார்கள், தருமபுரி, அரூர்க்காரர்கள் சேலத்துக்கு ஓடுவார்கள். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் விடுமுறையில் ஒரு வாரமோ பத்து நாளோதான் மிச்சம் இருக்கும். அந்தக் கெடுவில் இடம் தேடி, பார்த்து, பணம் கட்டிவிட்டு விமானம் ஏற வேண்டும். அவசரத்தில் நம் கண் கட்டிடத்தின் மேல்தான் போகும். டைல்ஸ், ஏசி, தோட்டம், பூஜை அறை எல்லாம் இருப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் அம்மாவின் உடம்பைத் தொட்டுப் புரட்டப்போகிற கை யாருடையது என்பதை அவை சொல்லாது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2008 முதல் நர்சிங் ஹோம்களுக்கு 5 நட்சத்திர மதிப்பீடு கொடுத்து வருகிறது. அரசு ஆய்வில் கண்ட குறைகள், ஊழியர் பலம், நோயாளிகளின் உடல்நிலை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அந்த நட்சத்திரம். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து கூகுள் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு நாள் அன்னதானம் செய்துவிட்டுப் போனவரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். அந்த மூன்று விஷயங்களை நீங்களே நேரில் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் போர்டு விஷயம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பிரசவமும் ஆபரேஷனும் பார்க்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் தங்க வைக்க மாட்டார்கள். மறுவாழ்வு மையம் என்றால் முக்கால்வாசி குடிநோய் சிகிச்சைக்கானது. நீங்கள் தேடுவது முதியோர் இல்லத்தோடு நர்ஸ் வசதி உள்ள இடம், அல்லது பிசியோதெரபியோடு படுக்கை வசதி உள்ள இடம். ஆஸ்பத்திரி என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் அதைக் கொடுக்கும். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். காகிதம் சரியாக இருந்தால் உள்ளே போகலாம். அதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ராத்திரி இங்க எத்தனை பேர் இருப்பீங்க? அதுல நர்ஸ் யாரு?" மேனேஜரிடம் கேட்டுவிட்டு, தனியாக இருக்கும்போது ஒரு ஆயாவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லாரும் நர்ஸ் அல்ல. பி.எஸ்.சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். படித்துத் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஆயா, அட்டெண்டர். அவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் துடைப்பது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான தரச் சான்றிதழ் என்று நான் நினைக்கிறேன். மாதத்துக்கு ஒரு முகம் மாறுகிற இடத்தில் உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலி என்று யாருக்கும் தெரியாது. எதிரே இருக்கும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதில் பாதி தெரிந்துவிடும். நோயாளிகளின் சொந்தக்காரர்களும் அங்கேதான் வருவார்கள், நீங்கள் பேச்சுக் கொடுத்தால் போதும், மனம் விட்டுச் சொல்வார்கள்.

அடுத்தது தோல். படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்ப்பது கடினமான வேலை. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். ஆல்ஃபா பெட் எனப்படும் காற்று மெத்தை இருக்கிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். மெத்தை இருந்தாலும் புரட்டியே ஆக வேண்டும், கரண்ட் போனால் அந்த மெத்தையும் அமுங்கிவிடும், இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்று கேளுங்கள். கட்டில் தலைமாட்டில் பக்கம் மாற்றிய நேரம் எழுதிய தாள் தொங்குகிறதா? தொங்கினால் அதை உற்றுப் பாருங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு நாள் முழுவதற்கும் ஒரே மூச்சில் எழுதிய தாள் எப்படி இருக்கும் என்று பார்த்தாலே தெரியும்.

சேர்த்த பிறகு நீங்கள் ஊரில் இருக்கிற ஒவ்வொரு நாளும் வால் எலும்பு, இரண்டு இடுப்புப் பக்கம், குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களை உங்கள் கண்ணால் பாருங்கள். புத்தகத்தில் முதல் அறிகுறி சிவப்பு என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்கு அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லை என்றால் அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் யூரின் பேக். அது எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. படுக்கையின் மேலேயே தூக்கிப் போட்டிருந்தால் சிறுநீர் திரும்பிப் போய்த் தொற்று வரலாம். இந்த ஒரு பையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே நான் அந்த வார்டின் பழக்கத்தைக் கணக்குப் போட்டுவிடுவேன்.

சாப்பாட்டில் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இங்கே பெரியவர்களுக்குக் களி இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. களியை யாரும் மெல்ல மாட்டார்கள், குழம்பில் தோய்த்து உருண்டையாக விழுங்குவதுதான் வழக்கம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். அவருக்குக் களி உருண்டை தொண்டையில் அடைக்கலாம். தண்ணீரும் சும்மா கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். ராகியையே கெட்டியான கூழாக, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அவரவர் நிலைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன பதத்தில்தான் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நின்று பார்த்தேன். ஒரு ஆயா, கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, தாத்தாவின் முகத்துக்கு நேராக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "முழுங்கிட்டீங்களா தாத்தா? ஆ காட்டுங்க பாப்போம்." வாய் காலியானதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். முடிந்ததும் உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த இடத்தில் பெயின்ட் உரிந்துதான் இருந்தது. என்னைக் கேட்டவர்களிடம் அங்கேதான் சேர்க்கச் சொன்னேன். வேறொரு இடத்தில் படுத்த வாக்கிலேயே ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

பிசியோதெரபியைப் பொறுத்தவரை, தினமும் வருவார் என்று சொல்வதில் அர்த்தமில்லை. எத்தனை நிமிடம், என்ன பயிற்சி, இன்னும் ஒரு மாதத்தில் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "தானாக எழுந்து உட்கார வேண்டும்", "வாக்கர் பிடித்துப் பாத்ரூம் போக வேண்டும்" என்கிற மாதிரி. பக்கவாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் வேகமாக வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அதை வெறும் கைகால் அமுக்கிவிடுவதில் கழித்தால் திரும்பக் கிடைக்காது. தண்டுவடக் காயம் மாதிரி பெரிய பிரச்சினை என்றால் நம் பக்கத்து இல்லங்களோடு நிற்காமல் வேலூருக்குக் கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். அங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966 முதல் இயங்குகிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் உருவானது அது.

தருமபுரி, கிருஷ்ணகிரி முதியவர்களைப் பற்றி பிசியோவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று ஃப்ளோரைடு, அதிகமானால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கிற தாது. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, அது 2013 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஐம்பது அறுபது வருடம் கிணற்று நீரும் போர் தண்ணீரும் குடித்தவர்களில் பலருக்கு முதுகுத்தண்டும் மூட்டுகளும் இறுகிப்போயிருக்கும். அப்படி இறுகிய மூட்டைப் புதிதாக வந்த விறைப்பு என்று நினைத்து வலுக்கட்டாயமாக மடக்கக்கூடாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆள் என்றால் அம்மா முன்பு எவ்வளவு மடக்குவார், எவ்வளவு குனிவார் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லத்தில் குடிக்கக் கொடுப்பது ஒகேனக்கல் தண்ணீரா, ஆர்.ஓ.வா, போர் தண்ணீரா என்றும் கேளுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி குடும்பங்கள் மொழியையும் பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பாட்டிக்கு மறதி நோய் முற்றும்போது தமிழ் விலகி, சின்ன வயதில் பேசிய மொழி மட்டும் மிஞ்சலாம். அப்போது பசி, வலி, ஒண்ணுக்கு வருகிறது என்பதை அவர் அந்த மொழியில்தான் சொல்வார். பாட்டியை "அவ்வா" என்று கூப்பிட்டு அந்த மொழியில் பேசத் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறாரா?

பணம்: மாதக் கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், பிசியோ, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ் நான்கும்தான் பின்னால் பில்லாக வரும். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதும் தாளில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள், வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள்.

முடிந்தால் விடுமுறையின் முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டில் கூட இருந்துவிட்டுக் கடைசி நாளில் சேர்க்கலாம் என்றுதான் மனம் சொல்லும், எனக்கும் அது புரிகிறது. ஆனால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே சேர்த்தால்தான் சரியில்லாததைப் பார்த்து வேறு இடத்துக்கு மாற்ற முடியும். அம்மாவுக்கும் புது இடத்தில் முதல் சில ராத்திரிகள் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியம் இருக்கும்.

திரும்பிப் போன பிறகு வீடியோ காலை மட்டும் நம்பாதீர்கள். சொல்லி வைத்த நேரத்தில் பவுடர் போட்டு, தலை சீவி உட்கார வைத்துக் காட்டுவார்கள். சில சமயம் சொல்லாமல் கூப்பிட்டு, பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள், சாப்பாட்டுத் தட்டைக் காட்டச் சொல்லுங்கள். எப்போது கூப்பிட்டாலும் அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தால், தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா என்று கேட்டு, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளூரில் இருக்கிற ஒருவரை, சித்தப்பா மகனோ அக்கா வீட்டுக்காரரோ, பொறுப்பாக நியமித்து எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் முடிவு. நான்கு நாட்டிலிருந்து நான்கு பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னால் நர்ஸ் யார் பேச்சையும் கேட்க மாட்டார். அந்த ஒருவருக்கு நன்றியோடு பெட்ரோல் செலவும் கொடுங்கள், வாரம் ஒருமுறை வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்க்கட்டும்.

சிலருக்கு இல்லமே தேவைப்படாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து கொடுப்பதும் அதில் அடக்கம்.

சேர்த்த இடத்தில் அடி, கட்டிப்போடுதல், பட்டினி போன்ற எதையாவது பார்த்தால் முதலில் அம்மாவை வெளியே எடுங்கள், சண்டை அப்புறம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், உங்கள் சார்பில் உள்ளூர்ப் பொறுப்பாளர் மனு கொடுக்கலாம். ரசீது, மருந்துச் சீட்டு, தேதியோடு எடுத்த போட்டோ மூன்றும் அவர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.