மழையில்லாத இரவில் ஒழுகிய தகரம்

நுவரெலியாவில் தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படிகிற நாள்கள் உண்டு. மேகமில்லாத அந்த இரவுகளில்தான் எங்கள் கூரை ஒழுகும். கூரைவேலை பாஸ் (மேஸ்திரி) ஆணித் துளைகளை அடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. தகரத்தின் அடியைத் தடவினால் முத்து முத்தாக நீர். திறந்த வானத்துக்குச் சூட்டை விட்டுத் தகரம் குளிர்கிறது. சமையலறை ஆவி அதில் பட்டு நீராகிறது. ஒழுக்கு அல்ல, வியர்வை.

"உள்ளுக்கு ரெஜிபோம் அடிச்சிருவோம் தம்பி" என்றார். ரெஜிபோம் என்றால் வெள்ளை நுரைப்பலகை. எனக்குச் சம்மதமில்லை. தகரம் இன்னும் குளிர்ந்துபோகும், இடுக்கால் ஏறும் ஆவியில் மரம் உக்கிவிடும்.

தகரத்தைக் கழற்றிக் கைமரத்தின் (கூரையைத் தாங்கும் சாய்வுமரம்) மேல் பிளைவூட் அடித்து, ஒட்டும் சவ்வு விரித்தோம். ஆவியைத் தடுப்பது இதுதான். மூட்டுகளில் கஞ்சத்தனம் கூடாது. அதன்மேல் கடின நுரைப்பலகை இரண்டடுக்கு, மூட்டின்மேல் மூட்டு வராமல். புகைக்குழாயைச் சுற்றி மட்டும் நுரை வேண்டாம், தீப்பிடிக்கும், அங்கே ராக்வூல் (தீப்பிடிக்காத பாறையிழைப் பஞ்சு). நுரைக்கு மேல் நீர் வடியும் தாள், முகடு நோக்கி றீப்பை (மெல்லிய மரச்சட்டம்), அதற்குக் குறுக்கே றீப்பை, பிறகு தகரம். நீள ஸ்குரூ கைமரத்தைக் கவ்வ வேண்டும். பிளைவூட்டை மட்டும் பிடித்தால் காற்று தூக்கிவிடும். இறவாரத்திலும் முகட்டிலும் காற்றுவழி விட்டுப் பூச்சிவலை அடித்தோம்.

தகரத்தின் அடி இப்போதும் வியர்க்கிறது. தாளில் வடிந்து, காற்றில் காய்ந்துவிடுகிறது. கூரை தடித்ததால் ஓரப்பலகையும் மழைநீர்ப் பீலியும் புதிதாகப் போட வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.