ஜெடாய் மேலங்கி வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

1977இல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக ஜான் மோலோ ஆஸ்கர் விருது பெற்றார். அப்படத்தில் ஜெடாய் வீரரான ஓபி-வான் கெனோபி அணியும் பழுப்பு மேலங்கியைத் திரையில் கண்டபடியே பெற விரும்புபவர், விலையையோ விளம்பரப் படத்தையோ பார்ப்பதற்கு முன் துணியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் துணி ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளபளத்து, மடிப்புகளின் கனத்தைக் கெடுத்துவிடும் என்பதால், சொரசொரப்பான நெசவுள்ள கம்பளியையோ கம்பளிக் கலப்பையோதான் நான் பரிந்துரைப்பேன். பெங்களூரில் கூட்டம் நிறைந்த அரங்குக்குள் கனத்த கம்பளி புழுக்கமாக இருக்கும்; அங்கே நாள் முழுவதும் அணிவதாக இருந்தால் மெல்லிய கம்பளிக் கலப்பே போதும்.

நிறத்தை ஒரே காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாலைவன வெயிலில் வெளிறித் தெரியும் பழுப்பு, விண்கலத்தின் உள்ளே கறுத்துத் தெரியும்.

அடுத்து அளவு. கையைத் தொங்கவிட்டால் அகன்ற சட்டைக்கை விரல்களை மறைக்க வேண்டும். தலைமூடியைப் பின்னால் தள்ளினால் அது தோளில் கனமாகப் படிய வேண்டும். மலிவான தயாரிப்புகளில் துணியை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் இந்தத் தலைமூடியில்தான். உட்புறத்தைத் திருப்பி, தையல் ஓரங்கள் பிசிறின்றி ஓவர்லாக் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெங்களூரின் துணிச் சந்தையான சிக்பேட்டையில் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுப்பதாயின், வெட்டுவதற்கு முன் நீராவி இஸ்திரி போட்டுச் சுருங்கவிடச் சொல்லுங்கள். அளவு கொடுக்கும்போது, அணியப்போகும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு செல்லுங்கள்.